காதுக்கு முன்னால் இரண்டு பிளேட்டுகள்

இரண்டு கைகளிலும் ஒரு பெட்டியை ஏந்திக்கொண்டு ஈரமான மாடிப்படியில் இறங்கும்போது கால் வழுக்கியது. கைகள் காலியாக இருந்திருந்தால் ஊன்றித் தப்பியிருப்பேன். பெட்டியை விடத் தோன்றாததால், உடலின் எடை முழுவதையும் முகவாய்க்கட்டை வாங்கிக்கொண்டது. முகவாயின் அடியில், சற்று வலப்புறமாகத் தோல் கிழிந்து ரத்தம் கொட்டியது. அவசரச் சிகிச்சைப் பிரிவில் காயத்தைக் கழுவி ஐந்து தையல் போட்டு, டெட்டனஸ் ஊசியும் போட்டு, வலிக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாயைத் திறந்து மூடிக் காட்டும்படி அங்கே யாரும் கேட்கவில்லை. இடது காதுக்குள் குத்துகிறது என்று நான் சொன்னதற்கு, விழுந்த அதிர்ச்சியில் அப்படித்தான் இருக்கும் என்ற பதிலே கிடைத்தது. அதை நானும் நம்பினேன்.

மூன்றாம் நாள் காலை பல் துலக்கும்போதுதான் ஏதோ சரியில்லை என்று உறைத்தது. பற்களைச் சேர்த்துக் கடித்தால் இடப்பக்கக் கடைவாய்ப் பற்கள் முதலில் இடித்தன. வலப்பக்கப் பற்கள் ஒன்றையொன்று தொடவே இல்லை. ஒரு மெல்லிய தாளைக் கிழித்து வலப்பக்கப் பற்களுக்கிடையே வைத்துக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தேன். தடையே இல்லாமல் வழுக்கி வந்துவிட்டது. இடப்பக்கத்தில் அதே தாள் பிடிபட்டு நின்றது. கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்தபோது, நேராகக் கீழே இறங்க வேண்டிய முகவாய் இடப்புறமாக ஒதுங்கிச் சென்றது. என் இடப்பக்கத் தாடை மூட்டு முறிந்திருந்தது. பிற்பாடு தெரிந்துகொண்டபடி, ஒரு பக்கத் தாடை மூட்டு முறிந்ததற்கு இதைவிடத் தெளிவான அடையாளங்கள் அரிது: முறிந்த பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் முன்னதாக இடிக்கும், எதிர்ப்பக்கம் இடைவெளி விழும், வாய் திறக்கும்போது தாடை முறிந்த பக்கம் நோக்கிச் சாயும். இரண்டு பக்கமும் முறிந்தால் முன்பற்கள் சேராமல் திறந்தே நிற்கும்.

ஆகவே நான் கற்ற முதல் பாடம், எனக்குப் பிறகு நடந்த அறுவைச் சிகிச்சைக்கு வெகுமுன்னதாக வருகிறது. முகவாயில் அடிபட்டுத் தோல் கிழிந்த எவரையும், காயம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், பற்கள் பழையபடி சேர்கின்றனவா என்று கேட்க வேண்டும். இரண்டு காதுகளுக்கும் முன்னால் விரல் வைத்து, வாயைத் திறந்து மூடச் சொல்லிப் பார்க்க வேண்டும். காதுத் துளையிலிருந்து ரத்தம் கசிந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். மூட்டுக்கும் காதுத் துளைக்கும் இடையே இருப்பது மெல்லிய சுவர்தான். கண்ணுக்குத் தெரியும் காயம் கண்ணுக்குத் தெரியாத முறிவை மறைத்துவிடுவது இந்த எலும்பில் மிகவும் சகஜம் என்று பிறகு எனக்குச் சிகிச்சை அளித்த முகத்தாடை அறுவை மருத்துவர் சொன்னார். கீழ்த்தாடை முறிவுகளில் ஏறத்தாழ கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இந்த மூட்டுப் பகுதியில்தான் நிகழ்கின்றன.

முகவாயில் பட்ட அடி ஏன் காதுக்கு முன்னால் முறிவாக முடிகிறது என்பதை அவர் ஒரு எலும்பு மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார். கீழ்த்தாடை குதிரை லாடம் போல் வளைந்த ஒரே எலும்பு. அதன் இரண்டு முனைகளும் மேலே எழுந்து, காதுக்குச் சற்று முன்னால், மண்டையோட்டின் அடியிலுள்ள குழியில் பொருந்துகின்றன. உருண்டையான அந்த முனையைக் காண்டைல் என்கிறார்கள். அதற்குக் கீழே எலும்பு ஒடுங்கி ஒரு கழுத்தாகிறது. முகவாயில் விழும் அடி எலும்பின் வளைவு வழியாக மேலேறி அந்தக் கழுத்தில் வந்து முடிகிறது. கழுத்து முறியாமல் விறைத்து நின்றிருந்தால், அந்த விசை மெல்லிய குழியைத் துளைத்து மூளையிருக்கும் அறை வரை போயிருக்கக்கூடும். "உங்கள் கழுத்தெலும்பு முறிந்து உங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அவர் சொன்னது தாடையின் கழுத்து என்பது புரிவதற்குள், கூட வந்திருந்த என் அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

பற்களையும் தாடையையும் ஒரே படமாகக் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் முறிவு தெரிந்தது. எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை சி.டி. ஸ்கேன்தான் சொன்னது. காண்டைலின் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு தசை, முறிந்த துண்டை முன்னோக்கியும் உள்நோக்கியும் இழுத்துவிடும். என் விஷயத்தில் துண்டு ஏறத்தாழ 35 டிகிரி சாய்ந்து, எலும்பின் உயரம் 5 மி.மீ. குறைந்திருந்தது. அந்த 5 மி.மீ.தான் கடைவாய்ப் பற்கள் முன்னதாக இடித்ததற்குக் காரணம்.

இந்த முறிவுகள் எல்லாவற்றுக்கும் பிளேட், அதாவது முறிந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்கத் திருகிவைக்கும் சிறு உலோகத் தகடு, வைப்பதில்லை. மேல் பற்களிலும் கீழ்ப் பற்களிலும் ஆர்ச் பார் என்னும் வளையும் உலோகப் பட்டையைக் கம்பியால் கட்டி, இரண்டையும் ரப்பர் வளையங்களால் சில நாள் பிணைத்து, பின்பு பயிற்சியால் தாடையைப் பழக்குவது பழைய வழி. விலகல் குறைவாக இருந்தால் இன்றும் அதுவே போதும். வளரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அதையே தேர்கிறார்கள், ஏனென்றால் அவர்களுடைய எலும்பு தானாகவே மறுவடிவம் கொள்ளும். வளர்ந்தவர்களில் எங்கே கோடு கிழிப்பது என்பதில் நெடுங்காலம் வாதம் நடந்திருக்கிறது. எக்கெல்ட் என்ற மருத்துவரின் தலைமையில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு, 10 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த அல்லது 2 மி.மீ.க்கு மேல் உயரம் குறைந்த முறிவுகளை எடுத்துக்கொண்டு இரு வழிகளையும் ஒப்பிட்டது. இரண்டுமே ஏற்கத்தக்க பலனைத் தந்தாலும், தாடையின் அசைவிலும் நோயாளி உணரும் வலியிலும் அறுவைச் சிகிச்சையே மேலாக அமைந்தது. என் அளவுகள் அந்த எல்லைக்குள் அடங்கின. அப்படியும் மருத்துவர் அறுவைச் சிகிச்சைக்கு என்னை வற்புறுத்தவில்லை. இரண்டு வழிகளின் குறைகளையும் சொல்லிவிட்டு ஓர் இரவு யோசிக்கச் சொன்னார். தாமதிக்க நிறைய நாள் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னார், ஏனெனில் இரண்டு வாரம் கடந்தால் துண்டு இருந்த இடத்திலேயே பிடிக்கத் தொடங்கி, அதைத் திருப்பி நிறுத்துவது கடினமாகிவிடும்.

அந்த இரவு நான் எழுதி வைத்துக்கொண்ட கேள்விகளில் மூன்று மட்டுமே உருப்படியானவை. வெட்டு எங்கே விழும், எந்த நரம்புக்கு ஆபத்து, மறுநாள் காலையில் என் பற்கள் கட்டப்பட்டிருக்குமா திறந்திருக்குமா. எத்தனை நாள் விடுப்பு, தழும்பு தெரியுமா என்பவற்றை நான் முதலில் கேட்டது இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது; தழும்பு தாடையின் விளிம்புக்குப் பின்னால், காது மடலுக்குக் கீழே ஒரு மெல்லிய கோடாக மங்கிவிட்டது. நரம்பைப் பற்றிய கேள்வியை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது. முகத்தை அசைக்கும் நரம்பு, பரோடிட் என்னும் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நுழைந்து கிளை பிரிந்து, முறிவுக்கு நேர்மேலே விரிந்து கிடக்கிறது. எந்த வழியாகப் போனாலும் அந்தக் கிளைகளுக்கு இடையிலோ அருகிலோதான் மருத்துவரின் கருவி போயாக வேண்டும்.

விழுந்த எட்டாம் நாள் அறுவைச் சிகிச்சை நடந்தது. மயக்க மருந்து கொடுக்கும் சுவாசக் குழாயை மூக்கு வழியாகச் செலுத்துவார்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். வாய் வழியாகக் குழாய் இருந்தால் நடுவில் பற்களைச் சேர்த்துப் பார்க்க முடியாது. பற்கள் சரியாகச் சேர்வதுதான் எலும்பு தன் இடத்துக்கு வந்துவிட்டதற்கான அளவுகோல். காதுக்குக் கீழே, தாடைக் கோணத்துக்குப் பின்னால் வெட்டி உள்ளே போய், தாடையைக் கீழ்நோக்கி இழுத்து இடம் உண்டாக்கி, சாய்ந்த துண்டைத் தூக்கி நிறுத்தி, அதன்பின் பிளேட்டை வைத்துத் திருகியிருக்கிறார்கள். எனக்கு வைத்தவை இரண்டு டைட்டானியம் மினி பிளேட்டுகள். ஒன்று எலும்பின் பின்விளிம்பை ஒட்டி நிற்கிறது. மற்றது தாடையெலும்பின் மேல்விளிம்பில் இருக்கும் பிறை வடிவப் பள்ளத்துக்குச் சற்றுக் கீழே சரிவாக நிற்கிறது. மெல்லும்போது பின்விளிம்பு அமுங்குகிறது, பள்ளத்தின் பக்கம் இழுபடுகிறது. ஒரே பிளேட் என்றால் இழுபடும் பக்கம் விரிந்து கொடுத்து, நாளடைவில் பிளேட் வளையவோ முறியவோ கூடும். இரண்டையும் ஒருசேர வைக்க எலும்பில் இடமில்லாதபோது, முக்கோண வடிவிலும் சரிவக வடிவிலும் செய்த ஒற்றை பிளேட்டுகளைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு பிளேட்டுக்கும் முறிவுக் கோட்டின் இரு பக்கமும் குறைந்தது இரண்டிரண்டு திருகுகள் பிடிக்க வேண்டும் என்பதால், முறிவு எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவுக்குத் திருக இடம் குறைகிறது. என் முறிவு கழுத்தின் அடிப்பகுதியில் இருந்ததை மருத்துவர் என் அதிர்ஷ்டம் என்றார்.

கண் விழித்தபோது பற்கள் இறுகக் கட்டப்பட்டிருக்கவில்லை. ஆர்ச் பார் இருந்தது; அதில் இரண்டு பக்கமும் மெல்லிய ரப்பர் வளையங்கள் மட்டும் மாட்டப்பட்டிருந்தன. எலும்பைப் பிடித்திருப்பது பிளேட். பற்கள் பழையபடி சேரும் விதத்தை மறந்துவிட்ட தசைகளுக்கு வழிகாட்டுவது மட்டுமே ரப்பரின் வேலை. கம்பியால் இறுகக் கட்டி அனுப்பப்படுகிறவர்கள், வாந்தி வந்தால் வெட்டிவிட ஒரு கம்பி வெட்டியை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; எந்தக் கம்பியை வெட்டுவது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். எனக்கு அந்த நிலை வரவில்லை. ஆனால் ரப்பர் மாட்டிய வாயால் நெடில் 'ஆ'வைச் சொல்லவே முடியாது என்பதை அந்த நாட்களில் கண்டுபிடித்தேன். 'ஆமாம்' என்பது 'எமெம்' என்று வந்தது. மூன்று வாரம் தலையாட்டியே காலம் தள்ளினேன்.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் சில நாள் திரவம், பிறகு மெல்லத் தேவையில்லாத குழைந்த உணவு என்று மொத்தம் ஆறு வாரம். எனக்கு நான்கு கிலோ குறைந்தது. பசிக்குக் காத்திராமல் மணி பார்த்துச் சாப்பிடத் தொடங்கிய பிறகே அது நின்றது. புரதம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டைவிட என்னை அதிகம் படுத்தியது வாயைச் சுத்தமாக வைத்திருப்பதுதான். ஆர்ச் பாரின் கொக்கிகளில் உணவு சிக்கிக்கொள்ளும். சிறிய தலை கொண்ட மிருதுவான பிரஷ்ஷால் ஒவ்வொரு கொக்கியாகத் துலக்க வேண்டும். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு நீர் உதவியது. அது நாளாவட்டத்தில் பற்களைப் பழுப்பாக்கும், நாக்கின் ருசியைக் கெடுக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் பயந்திருக்க மாட்டேன். இரண்டும் பிறகு சரியாகிவிட்டன.

மூன்றாம் நாள் வீக்கம் உச்சத்தில் இருந்தபோது, சிரித்தால் கீழுதட்டின் இடப்பக்கம் கீழே இறங்கவில்லை என்பதைக் கவனித்தேன். கீழுதட்டை இழுக்கும் சிறு நரம்புக் கிளை, கருவியால் ஒதுக்கிப் பிடிக்கப்பட்டதில் சோர்ந்துவிட்டது. அறுந்த நரம்பு வேறு, இழுபட்டுச் சோர்ந்த நரம்பு வேறு. இழுபட்டது பெரும்பாலும் வாரங்களிலோ சில மாதங்களிலோ மீளும். இது நேரலாம் என்று முன்னதாகவே சொல்லியிருந்ததால்தான் நான் தூங்கினேன். எனக்கு ஒன்பதாவது வாரத்தில் உதடு முழுதாகத் திரும்பியது. வாரம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில், பல்லைக் காட்டியபடி படம் எடுத்து வைத்துக்கொண்டது பயனுள்ளதாக இருந்தது; தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு முன்னேற்றம் தெரியாது. கண்ணை இறுக மூட முடியாமல் போனால் மட்டும் காத்திருக்கக் கூடாது, கருவிழி உலர்ந்து புண்ணாகிவிடும். அன்றே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நான் எதிர்பாராத சங்கடம் இரண்டாவது வாரத்தில் வந்தது. சாப்பிட உட்கார்ந்தால், வாயில் உணவு போவதற்கு முன்பே, காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம் எழும்பும். ஒரு மணி நேரத்தில் வடியும். சீழ் பிடித்துவிட்டது என்று நடுங்கிப் போய்க் காட்டினேன். ஊசியால் உறிஞ்சியபோது தண்ணீர் போன்ற தெளிந்த திரவம் வந்தது. வெட்டு சுரப்பியின் வழியாகப் போனதால் உமிழ்நீர் உள்ளே கசிந்து தேங்குகிறது என்றார்கள். இரண்டு முறை உறிஞ்சி எடுத்து, மேலே இறுக்கமான கட்டுப் போட்டு, புளிப்பைத் தவிர்க்கச் சொன்னார்கள். பத்து நாளில் அடங்கிவிட்டது. உணவு நேரத்தில் மட்டும் வந்து போகும் வீக்கம் உமிழ்நீர். எப்போதும் இருந்து, சிவந்து, சூடாகி, காய்ச்சலோடு வரும் வீக்கம் தொற்று. இரண்டையும் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும், ஆனால் இரண்டாவதற்கு ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாது.

இனி நான் அதிகம் சொல்ல நினைப்பது பயிற்சியைப் பற்றி. பிளேட் வைத்தாகிவிட்டது, இனி எலும்பு ஒட்டும்வரை அசைக்காமல் இருப்பதே நல்லது என்று முதல் பத்து நாள் நானாக முடிவு செய்து, சொல்லிக் கொடுத்த பயிற்சியை அரைகுறையாகச் செய்தேன். அது பெரிய பிசகு. கை கால் எலும்புக்கு ஓரளவு பொருந்தும் அந்த எண்ணம் இந்த மூட்டுக்குப் பொருந்தாது. அசையாமல் கிடக்கும் தாடை மூட்டைச் சுற்றி வடுத்திசு இறுகிக்கொள்ளும். பிளேட் வைப்பதன் முக்கியமான ஆதாயமே சீக்கிரம் அசைக்கலாம் என்பதுதான், அந்த ஆதாயத்தை நானே விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் அளந்தபோது மேல், கீழ் முன்பற்களுக்கிடையே 14 மி.மீ. மட்டுமே இருந்தது. வளர்ந்த ஒருவருக்கு 40 மி.மீ. அளவுக்கு, அதாவது தம்முடைய மூன்று விரல்களை நெட்டுக்குத்தாக நுழைக்கும் அளவுக்குத் திறப்பது வழக்கம்.

அன்றிலிருந்து மருத்துவர் நாக்கை அழுத்திப் பார்க்கும் தட்டையான மரக்குச்சிகள் என் துணையாயின. குச்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கிடையே வைத்து, சில நிமிடம் அப்படியே இருந்து, தசை தளர்ந்ததும் நடுவில் இன்னொரு குச்சியைச் செருக வேண்டும். ஒன்பது குச்சியில் தொடங்கினேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை. குளிப்பதற்குப் பின், வெந்நீர் ஒத்தடத்துக்குப் பின் எளிதாக இருக்கும். இழுத்துப் பிடிக்கும் வலி சகிக்கத்தக்கது. காதுக்கு முன்னால் கூர்மையாகக் குத்தினாலோ பயிற்சிக்குப் பிறகு பற்கள் சேர்வதில் மாற்றம் தெரிந்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குச்சி வெறும் திறப்பைத்தான் கூட்டுகிறது. நேராகத் திறக்கக் கண்ணாடிதான் கற்றுத்தந்தது. கண்ணாடியில் நடுவாக ஒரு நூலை ஒட்டி, கீழ்ப்பற்களின் நடுக்கோடு அந்த நூலை விட்டு விலகாதபடி மெல்லத் திறப்பேன்; விலகும் இடம் வந்ததும் நிறுத்தி, முகவாயில் விரலை வைத்து எதிர்ப்பக்கமாக மெல்லத் தள்ளி மறுபடி தொடங்குவேன். தாடையை இரண்டு பக்கமும் நகர்த்துவதும் முன்னால் நீட்டுவதும் கூடவே நடந்தன. எதிர்ப்பக்கமாக, அதாவது வலப்புறமாக நகர்த்துவதுதான் கடைசி வரை முரண்டு பிடித்தது, ஏனென்றால் அந்த அசைவுக்கு முறிந்த பக்கத்துக் காண்டைல் முன்னோக்கிச் சறுக்க வேண்டும்.

நான்காவது வாரத்தில் 26 மி.மீ.; அடுத்த இரண்டு வாரம் எண் ஒரே இடத்தில் நின்றுவிட்டதைக் கண்டு மனம் விட்டுப்போயிற்று. பயிற்சியின் நேரத்தைக் கூட்டாமல் தடவைகளைக் கூட்டும்படி பயிற்சி நிபுணர் சொன்னார், அது பலித்தது. ஆறாவது வாரத்தில் ஆர்ச் பாரைக் கழற்றினார்கள், மூன்றாம் மாதம் 38, ஆறாம் மாதம் 41. வாயை அகலத் திறந்தால் மூட்டில் இன்னும் ஒரு சிறு 'டிக்' கேட்கிறது; வலி இல்லாதவரை அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்றார் மருத்துவர். அன்று நானே ஒரு மெல்லிய தாளை எடுத்துப்போய், இரண்டு பக்கமும் கடித்துக் காட்டினேன். வலப்பக்கத்தில் அவர் இழுத்தார், தாள் கிழிந்து பாதி என் பற்களிலேயே தங்கிவிட்டது.

பிளேட்டை எப்போது எடுப்பார்கள் என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். தொந்தரவு கொடுக்காத டைட்டானியத்தைப் பொதுவாக எடுப்பதில்லை. எடுக்க வேண்டுமானால் அதே நரம்பைக் கடந்து இன்னொரு முறை உள்ளே போக வேண்டும். திருகு தளர்ந்தாலோ தொற்று ஏற்பட்டாலோ பிளேட் முறிந்தாலோதான் அந்தப் பேச்சு எழும். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால், உள்ளே டைட்டானியம் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அது ஸ்கேனுக்குத் தடையில்லை, ஆனால் பிளேட்டைச் சுற்றிப் படம் சற்றுக் கலங்கும். அறுவைச் சிகிச்சைக் குறிப்பின் நகலையும் கடைசி எக்ஸ்ரேயையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன். மாடிப்படி இறங்கும்போது இப்போது ஒரு கையில் மட்டுமே சாமான் வைத்துக்கொள்கிறேன்.